ஊர்ல இருந்தே வெளிநாட்டு கம்பெனிக்கு வேலை பார்க்கப் போறீங்களா? முதல் இன்வாய்ஸ் போடறதுக்கு முன்னாடி இதை முடிச்சுடுங்க

சென்னையில எட்டு வருஷம் ஒரு ஐடி கம்பெனியில இருந்தேன். அப்பாவுக்கு உடம்பு முடியாம போனதும் கோவில்பட்டிக்கே திரும்பி வந்துட்டேன். அமெரிக்காவுல ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி, மொத்தமே பதினாலு பேரு, இந்தியாவுல அவங்களுக்கு ஆபீஸ் கிடையாது, ஹெச்ஆர் கிடையாது, ஒரு போர்டு கூட கிடையாது. வீடியோ கால்லயே மூணு இன்டர்வியூ முடிஞ்சு "காண்ட்ராக்டரா வாங்க, மாசம் 3,000 டாலர்"னு சொன்னாங்க, நானும் அன்னிக்கே கையெழுத்து போட்டுட்டேன். முதல் மாசப் பணம் என் கைக்கு வந்து சேர 47 நாள் ஆச்சு. வேலையில ஒரு குறையும் சொல்லல, சிக்கல் முழுக்க பேப்பர்லதான்.

தென்காசி பக்கம் மத்தளம்பாறையில ஜோஹோ ஆபீஸ் இருக்குல்ல, அது கம்பெனி ஊருக்கு வந்த கதை. நான் சொல்றது கம்பெனி வராம வேலை மட்டும் வர்ற கதை. அப்படி வரும்போது இதுவரைக்கும் ஹெச்ஆர், பேரோல், அக்கவுண்ட்ஸ், அட்மின்னு நாலு டிபார்ட்மெண்ட் பார்த்த வேலை மொத்தமும் உங்க தலையில வந்து உட்காரும், யாரும் அதை முன்கூட்டி சொல்ல மாட்டாங்க. அதனாலதான் வரிசையா எழுதறேன், இந்த வரிசை மாறினா ஒண்ணுக்கு ஒண்ணு முட்டிக்கிட்டு நிக்கும்.

1. நீங்க ஊழியரா, காண்ட்ராக்டரான்னு முதல்ல கேளுங்க

ஆஃபர் மெயில் வந்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். மூணு வழி இருக்கு. அவங்களுக்கு இந்தியாவுல கம்பெனி இருந்தா நீங்க சாதாரண ஊழியர், பிஎஃப் உண்டு, டிடிஎஸ் (சம்பளத்துலயே பிடிச்சுக்கற வரி) உண்டு, இந்தக் கட்டுரையில கடைசி ரெண்டு பாயிண்ட் மட்டும் படிச்சா போதும். இங்க கம்பெனி இல்லாம ஈஓஆர்னு சொல்ற இடைக் கம்பெனி மூலமா எடுத்தாங்கன்னா அந்த இடைக் கம்பெனிதான் சட்டப்படி உங்க முதலாளி, அப்பவும் சம்பள ஸ்லிப்பும் ஃபார்ம் 16ம் கிடைக்கும். மூணாவதுதான் காண்ட்ராக்டர். பேச்சுல "சேலரி"ம்பாங்க, "டீம் மெம்பர்"ம்பாங்க, ஆனா பேப்பர்ல நீங்க ஒரு தனி வியாபாரி, அவங்க உங்க கஸ்டமர்.

காண்ட்ராக்டர்னா பிஎஃப் இல்ல, கிராஜுவிட்டி இல்ல, மெடிக்கல் இன்சூரன்ஸ் இல்ல, லீவு எடுத்தா பணம் உண்டான்னு காண்ட்ராக்ட்ல எழுதியிருந்தாதான் உண்டு. பழைய சிடிசியை டாலரால வகுத்துப் பார்த்து "ஆஹா டபுள்"னு தலையாட்டிடாதீங்க. இது எல்லாத்தையும் சொந்தக் காசுல கட்டணும்னு கணக்கு போட்டு, அதுக்கப்புறம் ரேட் சொல்லுங்க.

காண்ட்ராக்ட்ல நாலு விஷயம் கண்டிப்பா இருக்கணும்: இன்வாய்ஸ், அதாவது செஞ்ச வேலைக்கான பில், அனுப்பி எத்தனை நாள்ல பணம் (15 நாள் கேளுங்க, 30க்கு மேல ஒத்துக்காதீங்க), ரெண்டு பக்கமும் நோட்டீஸ் எத்தனை நாள், பேங்க் சார்ஜ் யாரு பொறுப்பு, வருஷத்துக்கு பணத்தோட லீவு எத்தனை நாள். கேட்டா கோவிச்சுப்பாங்களோன்னு நான் பயந்தேன், கேட்டப்போ ஒரே மெயில்ல மாத்திக் கொடுத்துட்டாங்க.

வேலை கொடுக்கறேன்னு சொல்லி ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ், டிரெயினிங் டெபாசிட், லேப்டாப்புக்கு அட்வான்ஸ்னு ஒரு ரூபாய் கேட்டாலும் அது திருட்டு. டெலிகிராம்ல "டாஸ்க் முடிச்சா பணம்"னு வர்றதும் அதேதான், முதல்ல 200 ரூபாய் போட்டு நம்ப வச்சுட்டு அப்புறம் லட்சக்கணக்குல உருவுவாங்க. பணம் போயிடுச்சுன்னா யோசிச்சுட்டு உட்காராம உடனே 1930க்கு போன் பண்ணுங்க.

2. வீட்டு அட்ரஸ் பேப்பரை சரி பண்ணுங்க

ஜிஎஸ்டி, பேங்க் எல்லாத்துக்கும் அடிப்படை இதுதான், ஆனா இதுல மாட்டிக்கிட்ட பிறகுதான் எல்லாருக்கும் ஞாபகம் வருது. நான் அதிகமா அலைஞ்சது இங்கதான்.

எங்க வீட்டு கரண்ட் பில் இன்னும் தாத்தா பேர்ல இருந்தது. தாத்தா போய் பதினோரு வருஷம் ஆச்சு, மாசம் மாறி மாசம் பில் கட்டறோமே தவிர பேரை மாத்தணும்னு யாருக்கும் தோணல. ஜிஎஸ்டி அப்ளிகேஷன்ல அந்த பில்லை போட்டு, அப்பா கிட்ட சம்மதக் கடிதம் வாங்கிப் போட்டேன். பில்லுல ஒரு பேரு, கடிதத்துல ஒரு பேரு, ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்னு விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்துடுச்சு. அதுக்கு 7 வேலை நாளுக்குள்ள பதில் போடணும். வாரிசு சான்றிதழைத் தேடி பீரோ, பரண், டிரங்கு பெட்டி எல்லாம் கவுத்தோம். கடைசியில அம்மா ஒரு மஞ்சப் பைக்குள்ள ஜாதகக் கட்டோட சேர்த்து வச்சிருந்ததை எடுத்துக் கொடுத்தாங்க, மடிச்ச இடமெல்லாம் கிழிஞ்சு ஒரு மூலையில சீல் பாதி அழிஞ்சு போய் இருந்தது. அதை ஸ்கேன் பண்ணி, அப்பா பேர்ல இருந்த வீட்டு வரி ரசீதையும் சேர்த்துப் போட்ட பிறகுதான் ஓகே ஆச்சு.

அதனால இன்னிக்கே உங்க வீட்டு பில்லை எடுத்துப் பாருங்க. சொந்த வீடுன்னா கரண்ட் பில் இல்லேன்னா வீட்டு வரி ரசீது, அப்பா அம்மா பேர்ல இருந்தா அதோட அவங்க கையெழுத்து போட்ட சம்மதக் கடிதம், வாடகை வீடுன்னா அக்ரிமெண்டும் ஓனர் பேர்ல இருக்கற பில்லும். பில்லு மறைஞ்சவங்க பேர்ல இருந்தா ஈபியில பெயர் மாற்றத்துக்கு எழுதிப் போடுங்க, ஆன்லைன்லயே பண்ணலாம், செலவு சில நூறு ரூபாய்தான். பான், ஆதார், சர்டிஃபிகேட் மூணுலயும் இனிஷியல் ஒரே மாதிரி இருக்கான்னும் பாருங்க, நம்ம ஊர்ல இனிஷியல் ஒரு இடத்துல முன்னாடியும் ஒரு இடத்துல விரிவாவும் இருக்கும், அது ஒவ்வொரு கவுண்டர்லயும் தனித்தனியா ஒரு நாளைச் சாப்பிடும்.

3. உத்யம் பதிவு

சிறு தொழில்னு மத்திய அரசு கொடுக்கற உத்யம் சான்றிதழ். ஆதாரும் பானும் இருந்தா அரை மணி நேர வேலை, கட்டணம் சுத்தமா கிடையாது. கூகுள்ல தேடினா அரசு தளம் மாதிரியே டிசைன் பண்ணின தனியார் தளங்கள் மேல வந்து நிக்கும், 1,500, 2,500னு கேட்கும். பணம் கேட்டாலே அது அரசு தளம் இல்லன்னு வெளிய வந்துடுங்க. கரண்ட் அக்கவுண்ட் திறக்க பேங்க்ல தொழில் ஆதாரம் ரெண்டு கேட்பாங்க, அதுல ஒண்ணா இது உதவும்.

4. ஜிஎஸ்டி வேணுமா வேண்டாமா

சேவைத் தொழில்ல வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டலன்னா தமிழ்நாட்டுல ஜிஎஸ்டி கட்டாயம் இல்ல. வெளிநாட்டுக்கு வேலை செஞ்சா முதல் ரூபாயில இருந்தே எடுக்கணும்னு சிலர் பயமுறுத்துவாங்க, அது சரியில்ல, சேவைக்கு அந்த 20 லட்ச விலக்கு இதுக்கும் உண்டு. மாசம் 1,67,000 ரூபாய்க்கு மேல வந்தா வருஷத்துல அந்தக் கோட்டைத் தாண்டிடுவீங்க, தாண்டினதுல இருந்து 30 நாளைக்குள்ள அப்ளை பண்ணணும். எனக்கு 3,000 டாலர்னா வருஷத்துக்கு 30 லட்சத்துக்கு மேல, அதனால ஆரம்பத்துலயே எடுத்துட்டேன்.

போர்ட்டல்ல அப்ளை பண்ண அரசு கட்டணம் எதுவும் இல்ல. பான், ஆதார், ஃபோட்டோ, அட்ரஸ் ஆதாரம் போதும், வீட்டு அட்ரஸே செல்லும், வர்ச்சுவல் ஆபீஸ் (அட்ரஸை மட்டும் வாடகைக்குத் தர்றது) எடுக்கச் சொன்னா காதுல வாங்காதீங்க. ஆதார் வெரிஃபிகேஷன் முடிச்சா வழக்கமா 7 வேலை நாள், 2025 நவம்பர்ல இருந்து சிறிய ஆட்களுக்கு 3 வேலை நாள்ல கொடுக்கற எளிய முறையும் வந்திருக்கு. சிலரை கைரேகை வைக்க நேர்ல கூப்பிடுவாங்க, அந்த மெயில் ஸ்பேம்ல விழுந்துடாம தினமும் பாருங்க. ஆடிட்டர் மூலமா போனா எனக்கு 2,000 ரூபாய் ஆச்சு.

நம்பர் வந்ததும் வேலை முடிஞ்சுடல. 30 நாளுக்குள்ள, இல்ல முதல் ரிட்டர்ன் போடறதுக்கு முன்னாடி, இதுல எது முதல்ல வருதோ அதுக்குள்ள பேங்க் அக்கவுண்ட் விவரத்தை போர்ட்டல்ல ஏத்தணும். ஏத்தலன்னா பதிவு சஸ்பெண்ட் ஆகும். இன்னொண்ணு, அந்த மாசம் ஒரு பைசா வரலன்னாலும் ரிட்டர்ன் போட்டே ஆகணும். நில் ரிட்டர்ன் விட்டா நாளைக்கு 20 ரூபாய் லேட் ஃபீஸ், நில் இல்லாததுக்கு நாளைக்கு 50. மாசாமாசம் வேண்டாம்னா மூணு மாசத்துக்கு ஒரு தடவை போடற முறையை தேர்ந்தெடுத்துக்கலாம், நம்மளை மாதிரி ஒரே கஸ்டமர் இருக்கறவங்களுக்கு அதுவே நல்லது.

5. எல்யூடி, இதை மட்டும் மறக்காதீங்க

ஜிஎஸ்டி எடுத்தவங்களுக்கு வெளிநாட்டு ஏற்றுமதி சேவைக்கு வரி பூஜ்ஜியம்தான், ஆனா அது தானா வந்துடாது. "வரி கட்டாம ஏற்றுமதி பண்றேன், பணம் வெளிநாட்டுல இருந்து வந்துடும்"னு ஒரு உறுதிமொழி போடணும், அதுக்குப் பேருதான் எல்யூடி. போர்ட்டல்ல ஆர்எஃப்டி-11னு ஒரு ஃபார்ம், ரெண்டு சாட்சியோட பேரும் அட்ரஸும் போடணும், காசு கிடையாது, பத்து நிமிஷத்துல ஏஆர்என்னு சொல்ற அப்ளிகேஷன் நம்பர் வந்துடும்.

இது இல்லாம இன்வாய்ஸ் போட்டீங்கன்னா 18 சதவீதம் ஐஜிஎஸ்டி (ஏற்றுமதி, இறக்குமதிக்குப் போடற ஜிஎஸ்டி) கட்டிட்டு அப்புறம் ரீஃபண்டுக்கு அலையணும். அதோட இது ஒரு நிதியாண்டுக்கு மட்டும்தான் செல்லும். ஒவ்வொரு வருஷமும் மார்ச் கடைசியிலயே அடுத்த வருஷத்துக்குப் போட்டுடுங்க, போன்ல ரிமைண்டர் வச்சுக்கோங்க. இன்வாய்ஸ் தேதியில இருந்து குறிப்பிட்ட காலத்துக்குள்ள டாலர் வந்து சேரணும்னு ஒரு நிபந்தனையும் இருக்கு, பணம் கொடுக்க இழுத்தடிக்கற கஸ்டமர் கிட்ட இதையே காரணமா சொல்லிக் கேட்கலாம்.

6. இன்வாய்ஸும் டபிள்யூ-8பென் ஃபார்மும்

இன்வாய்ஸ்ல இருக்க வேண்டியது: உங்க பேரு பான்ல இருக்கற மாதிரி, ஜிஎஸ்டி நம்பர், வரிசை நம்பர், தேதி, அவங்க பேரு அட்ரஸ் நாடு, சேவைக் குறியீடு (சாஃப்ட்வேர் டெவலப்மெண்டுக்கு 998314, ஐடி கன்சல்டிங்குக்கு 998313), டாலர்ல தொகை, எல்யூடி கீழ வரி கட்டாம ஏற்றுமதின்னு ஒரு வரி, எல்யூடியோட ஏஆர்என். இதை ஒரு டெம்ப்ளேட்டா பண்ணி வச்சுட்டா மாசாமாசம் அஞ்சு நிமிஷ வேலை.

அமெரிக்க கம்பெனின்னா டபிள்யூ-8பென் கேட்பாங்க. பயப்பட ஒண்ணும் இல்ல, "நான் அமெரிக்க ஆள் இல்ல"ன்னு சொல்ற ஃபார்ம், அதைக் கம்பெனி கிட்ட கொடுத்தா போதும், அமெரிக்க வரித்துறைக்கு நீங்க அனுப்ப வேண்டாம். வெளிநாட்டு வரி நம்பர்ங்கற இடத்துல உங்க பான் நம்பர். வேலை முழுக்க இந்தியாவுல இருந்தே செய்யறீங்கன்னா அங்க வரி பிடிக்க மாட்டாங்க. 2026ல கையெழுத்து போட்டா 2029 டிசம்பர் 31 வரைக்கும் செல்லும். டபிள்யூ-9னு இன்னொண்ணு இருக்கு, அது அமெரிக்கர்களுக்கானது, தவறி அதை அனுப்பி வச்சாங்கன்னா கையெழுத்து போடாதீங்க.

7. பணம் வர்ற வழி

47 நாள் ஆனது இந்த இடத்துலதான், அதனால கொஞ்சம் நீட்டியே சொல்றேன்.

நான் என் பழைய சேவிங்ஸ் அக்கவுண்ட் நம்பரையே கொடுத்தேன். அவங்க அனுப்பும்போது விவரத்துல "சேலரி"ன்னு போட்டாங்க. நான் பேங்க்ல கொடுத்த பர்ப்பஸ் கோடு (பணம் எதுக்கு வருதுன்னு சொல்ற குறியீடு) பி0802, அதாவது சாஃப்ட்வேர் கன்சல்டன்சி. சம்பளமா கன்சல்டன்சியான்னு பேங்க் பணத்தை நிறுத்தி வச்சுட்டாங்க, கேள்வி கேட்டு அனுப்பின மெயில் நான் காலேஜ்ல உருவாக்கின பழைய மெயில் ஐடிக்குப் போயிருக்கு. 19 நாள் கழிச்சு பிராஞ்சுக்கு நேர்ல போனப்போதான் தெரிஞ்சது. எங்க ஊர் பிராஞ்சுல வெளிநாட்டுப் பணம்னா கல்ஃப்ல இருந்து வீட்டுக்கு அனுப்பற பணம்தான் பழக்கம், சர்வீஸ் எக்ஸ்போர்ட்டுன்னதும் அந்த மேடம் சென்னை ஆபீஸுக்குப் போன் போட்டுக் கேட்டுக் கேட்டு உதவினாங்க. கொடுத்த பேப்பர்: காண்ட்ராக்ட், இன்வாய்ஸ், டிக்ளரேஷன், பான், ஸ்விஃப்ட் காப்பி (அங்க பேங்க்ல பணம் அனுப்பினதுக்கான சீட்டு).

நீங்க செய்ய வேண்டியது: ஃபாரெக்ஸ் (வெளிநாட்டுப் பணம்) பார்க்கற பிராஞ்ச் எதுன்னு கேட்டு அங்க கரண்ட் அக்கவுண்ட் திறங்க (எனக்கு மினிமம் பேலன்ஸ் 10,000, உங்க பேங்க்ல எவ்வளவுன்னு கேட்டுக்கோங்க), போன் நம்பரும் மெயிலும் புதுசா இருக்கான்னு பாருங்க, பணம் அனுப்பும்போது இன்வாய்ஸ் நம்பரை மட்டும் குறிப்பிடச் சொல்லுங்க, சேலரிங்கற வார்த்தை வரவே கூடாது. முதல் தடவை 50 டாலர் மட்டும் அனுப்பச் சொல்லி டெஸ்ட் பண்ணிடுங்க.

செலவுன்னு பார்த்தா மூணு இடத்துல போகும். நடுவுல இருக்கற பேங்க் பிடிக்கறது ஒண்ணு, எனக்கு 3,000 அனுப்பினது 2,975ஆ வந்தது. இங்க நம்ம பேங்க் வாங்கற சார்ஜ் ஒண்ணு. மூணாவதுதான் கண்ணுக்குத் தெரியாதது, டாலர் ரேட். அன்னிக்கு மார்க்கெட் ரேட்டுக்கும் பேங்க் கொடுக்கற ரேட்டுக்கும் ஒரு ரூபாய் வித்தியாசம் இருந்தாலே 3,000 டாலருக்கு 3,000 ரூபாய், வருஷத்துக்கு 36,000. பிராஞ்சுல பேசி ரேட்டைக் குறைச்சு வாங்கலாம், கேட்டா கொடுக்கறாங்க. வைஸ், பேயோனீர் மாதிரி வெளிநாட்டுப் பணம் வாங்கற ஆன்லைன் சேவைகளோட ரேட்டையும் சார்ஜையும் ஒரே நாள்ல பக்கத்துல வச்சுப் பாருங்க, கையில எவ்வளவு ரூபாய் வருதுங்கறதை மட்டும் ஒப்பிடுங்க. எந்த வழியில வந்தாலும் ஒவ்வொரு தடவையும் எஃப்ஐஆர்ஏ சான்றிதழை வாங்கி வச்சுடுங்க, பணம் வெளிநாட்டுல இருந்து வந்ததுக்கு அதுதான் சாட்சி, ஜிஎஸ்டிக்கும் அதான்.

8. வருமான வரி: மார்ச் 15

டிடிஎஸ் பிடிக்க ஆள் இல்லாததால முழுப் பணமும் அக்கவுண்டுக்கு வரும், அத்தனையும் நம்ம பணம்னு தோணும். அதுல ஒரு பங்கை தனி அக்கவுண்டுக்கு அன்னிக்கே மாத்திடுங்க.

44ஏடிஏன்னு எல்லாரும் சொல்ற பிரிவு (2026 ஏப்ரல்ல இருந்து புது வருமான வரிச் சட்டம் வந்ததால நம்பர் மாறிடுச்சு, ஆடிட்டர் எல்லாரும் இன்னும் பழைய நம்பரைத்தான் சொல்றாங்க) நம்மளை மாதிரி ஆட்களுக்கு பெரிய உதவி. வந்த பணத்துல பாதியை வருமானம்னு காட்டினா போதும், செலவு பில் எதையும் காட்ட வேண்டாம். வருஷ வரவு 50 லட்சம் வரைக்கும், ரொக்கமா வாங்கினது 5 சதவீதத்துக்குள்ள இருந்தா 75 லட்சம் வரைக்கும். புது வரி முறையில 24 லட்சம் வந்திருந்தா 12 லட்சம் வருமானம், தள்ளுபடி போக வரி இல்ல. 31 லட்சம் வந்திருந்தா 15.5 லட்சம் வருமானம், செஸ் சேர்த்து 1,17,000 வரும் (2025-26 ஸ்லாப் படி). சம்பளக்காரங்களுக்கு இருக்கற 75,000 கழிவு இங்க கிடையாது, அதைக் கழிச்சுக் கணக்கு போடாதீங்க.

எல்லா வேலைக்கும் இந்தப் பிரிவு பொருந்தாது. இன்ஜினியரிங், டெக்னிக்கல் கன்சல்டன்சின்னு ஒரு பட்டியல் இருக்கு, சாஃப்ட்வேர்க்காரங்க அதுலதான் போடறாங்க, கன்டென்ட் எழுதறவங்க, மார்க்கெட்டிங் பண்றவங்க ஆடிட்டர் கிட்ட கேட்காம போடாதீங்க. அட்வான்ஸ் டாக்ஸ் மொத்தத்தையும் மார்ச் 15க்குள்ள ஒரே தடவையா கட்டிடலாம், விட்டா மாசத்துக்கு 1 சதவீதம் வட்டி. வருமான வரி ரிட்டர்னுக்கு ஐடிஆர்-4தான் ஃபார்ம், ஆனா கம்பெனி உங்களுக்கு ஷேர் கொடுத்தாலோ வெளிநாட்டு அக்கவுண்ட் இருந்தாலோ ஐடிஆர்-4 கூடாது, ஐடிஆர்-3ல வெளிநாட்டுச் சொத்து விவரத்தோட போடணும். ஆடிட்டர் கிட்ட இதை நீங்களா சொல்லுங்க, அவருக்கு எப்படித் தெரியும்.

தொழில் வரின்னு நகராட்சிக்கு அரையாண்டுக்கு ஒரு தடவை கட்டறதும் உண்டு, வருஷத்துக்கு 2,500க்கு மேல போகாது.

9. லைன், கரண்ட், நேரம்

ஃபைபர் ஒரு கம்பெனி, மொபைல் டேட்டா வேற கம்பெனி, ரெண்டும் ஒண்ணா இருந்தா ஒண்ணாவே போகும். எங்க வீட்டுல இன்வெர்ட்டர் இருந்தது, ஆனா ஃபைபர் பாக்ஸ் இருந்த ஹால் பிளக் இன்வெர்ட்டர் லைன்ல இல்ல. ஐப்பசி மழையில கரண்ட் போனப்போ லைட் எரியுது, ஃபேன் ஓடுது, கால் மட்டும் கட். ரவுட்டருக்கு 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒண்ணு 1,800 ரூபாய்க்கு வாங்கி மாட்டின பிறகு அந்தப் பிரச்சனை இல்ல. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவிப்பை முந்தின நாளே பார்த்து டீம்ல சொல்லிடுங்க.

அமெரிக்க கிழக்குக் கரையில காலை 9 மணின்னா கோடையில நமக்கு மாலை 6:30, குளிர்காலத்துல 7:30. மார்ச் ரெண்டாவது ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் மாறும், அந்த வாரம் மீட்டிங் நேரத்தை மறுபடி பாருங்க. ராத்திரி எத்தனை மணியோட முடிப்பேன்னு முதல் வாரமே சொல்லிடுங்க, பிறகு சொல்றது ரொம்பக் கஷ்டம்.

லேப்டாப்பை அங்க இருந்து கூரியர்ல அனுப்பறேன்னா வேண்டாம்னு சொல்லுங்க. 18 சதவீத ஐஜிஎஸ்டி, கேஒய்சி, கிளியரன்ஸ் சார்ஜ்னு கூரியர்லயே நாள் போகும். பணமா வாங்கி இங்க வாங்கிக்கறது சுலபம்.

10. பழைய வேலையை விடறதுக்கு முன்னாடி

மெடிக்கல் இன்சூரன்ஸ். கம்பெனி குரூப் பாலிசியில இருந்து அதே இன்சூரன்ஸ் கம்பெனியோட தனி பாலிசிக்கு மாறிக்க வழி இருக்கு, வேலையை விடறதுக்கு முன்னாடியே எழுதிக் கேட்கணும். நான் கேட்காம விட்டுட்டேன், இப்ப அப்பா அம்மாவுக்குப் புதுசா எடுத்த பாலிசியில ஏற்கனவே இருக்கற சுகருக்கும் பிரஷருக்கும் மூணு வருஷம் காத்திருக்கணும். தனி பாலிசிக்கு 2025 செப்டம்பர் 22ல இருந்து ஜிஎஸ்டி இல்ல, அது ஒரு ஆறுதல்.

பிஎஃப் பணத்தை அவசரப்பட்டு எடுக்காதீங்க, மொத்த சர்வீஸ் அஞ்சு வருஷம் ஆகலன்னா எடுக்கற பணத்துக்கு வரி வரும்.

வீட்டுக் கடன், கார் கடன் எடுக்கற எண்ணம் இருந்தா சம்பள ஸ்லிப் கையில இருக்கும்போதே எடுத்துடுங்க. காண்ட்ராக்டர் ஆனதும் ரெண்டு மூணு வருஷ ஐடிஆர் கேட்பாங்க, முதல் வருஷம் நீங்க எவ்வளவு சம்பாதிச்சாலும் அதைக் கணக்குல எடுக்க மாட்டாங்க. ரிலீவிங் லெட்டர், கடைசி மூணு மாச ஸ்லிப், ஃபார்ம் 16, இந்த மூணையும் ஆபீஸ் மெயில் மூடறதுக்கு முன்னாடி சொந்த மெயிலுக்கு அனுப்பி வச்சுக்கோங்க, கடைசி நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு லாகின் போயிடும்.